போர்ட் திறந்த ஊர்

கரிசலூரணி நகராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அமலோற்பவம் போர்ட்டைத் திறந்துவிட்ட மறுநாள் காலையில், ஊருக்கு வடக்கே வருஷக்கணக்காகச் சொட்டுத் தண்ணீர் பார்க்காமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பெரிய கண்மாய்க்குள் கடல் வந்து நின்றது. ஏதோ குட்டை மாதிரி வந்து நிற்கவில்லை. உப்பும் அலையும் ஏற்றமும் வற்றமும், தூரத்தில் வானத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு கோடும், அந்தக் கோட்டின்மேல் புள்ளியாக ஒரு கப்பலும் சேர்ந்த முழுக்கடலாக வந்து நின்றது. மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் முடிவே தெரியவில்லை. கிழக்குக் கரைக்குப் போய் மேற்கே பார்த்தாலோ எப்போதும் போலத் தீப்பெட்டி ஆபீஸின் புகைக்கூண்டு தெரிந்தது. கண்மாய் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, பிறப்பு, இறப்பு என்று நகராட்சியின் சகல காரியமும் ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் குளிர்பெட்டி வைத்த அறையில் இருந்த ஒரே ஒரு சர்வரில்தான் ஓடியது. அதற்கு வெளியிலிருந்து தகவல் வந்து போக ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் போர்ட் என்று பெயர். கம்பெனிக்காரர் போனில் சொன்னபடி அமலி, அதாவது அமலோற்பவம், கான்ஃபிக் கோப்பைத் திறந்து, அதாவது இந்த வீட்டில் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சர்வருக்குப் புத்தி சொல்லி வைத்திருக்கும் கோப்பைத் திறந்து, ஒரே ஒரு வரி எழுதிச் சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அன்று சாயங்காலம் நகர்மன்றக் கூட்டத்தில் தலைவர், போர்ட் என்றால் துறைமுகம்தானே என்று அதை வாசித்தார். ஒவ்வொரு தேர்தலிலும் பாலம், கல்லூரி, விமான நிலையம் என்று எல்லாவற்றையும் வாக்குக் கொடுத்துவிட்டுத் துறைமுகத்தை மட்டும் மறந்திருந்த உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ‘நமது நகராட்சியில் போர்ட் திறக்கப்பட்டதை மன்றம் ஒருமனதாக வரவேற்கிறது’ என்று மினிட்டில் ஏறிவிட்டது. மினிட்டில் ஏறிய பிறகு பாவம் கடல்தான் என்ன செய்யும், ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தது, எழுந்து வந்துவிட்டது.

வந்த கடலை ஊர் மெல்ல மெல்லத் தனக்குப் பழக்கிக்கொண்டது. கருவேல மரம் வெட்ட ஏலம் எடுத்திருந்தவர் தன் மரமெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டது என்று மனுக் கொடுத்தார், மனுவை ஏற்று மரத்துக்குப் பதிலாக அவருக்கு இறாலைக் கொடுத்தார்கள். கண்மாய் பொதுப்பணித் துறைக்குச் சொந்தம் என்றாலும் அலை யாருக்குச் சொந்தம் என்று ரெண்டு துறைகள் கடிதம் எழுதிக்கொண்டன, எழுதிக்கொண்டே இருக்கின்றன. ஆடுகள் கரையோரக் கல்லை நக்கப் பழகின. பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரிக்காமல் இருந்ததால் வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்கும் சண்டை போட வழியில்லாமல் போயிற்று. டவுன் பஸ் கண்டக்டர்கள் கண்மாய்க்கரை நிறுத்தத்தை ‘ஹார்பர்’ என்று கூவினார்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற பெண்கள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் அலையில் கால் நனைத்துவிட்டு வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் மத்தியானச் சோற்றை அங்கே கொண்டுபோய்த் தின்றார்கள். கருவாட்டு நாற்றம் பிடிக்காது என்று மூக்கைப் பொத்தியவர்கள்கூடக் கொஞ்ச நாளில், நாற்றம் இல்லாத அன்று ஏதோ குறைகிறதே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கடல் வழியாகத்தான் அமலியின் அப்பா தொம்மை வந்து சேர்ந்தார்.

அமலி கடற்கரையில் பிறந்தவள். வேலை கிடைத்து இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்தவள், கல்யாணம் எப்போது என்று ஊர் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்ட வயதுக்கு வந்திருந்தாள். அம்மா இறந்தபிறகு அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அவள் கெஞ்சாத நாளில்லை. கால் நனையாமல் ஒரு நாள் முடிந்தால் அது நாளே இல்லை என்பார் அவர். தண்ணீர் இல்லாத ஊரில் மனுஷன் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பான் என்பார். அப்படிச் சொன்னவர் ஒரு நாள் தன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தொழிலுக்குப் போனபோது, கரையில் அதுவரை இல்லாத ஒரு வாய் திறந்திருப்பதைக் கண்டு, என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று உள்ளே விட்டார். நேரே கரிசலூரணிக் கண்மாயின் மடையடியில் வந்து முட்டினார். மதகுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார், அவரிடம் இங்கே நகராட்சி ஆபீஸில் அமலோற்பவம் என்று ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த ஆள் கருத்தப்பாண்டி. கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிற வேலை அவர் குடும்பத்துக்கு. தண்ணீர் இல்லாத காலமெல்லாம் திறக்க ஒன்றும் இல்லாமல் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பீடி குடித்தே தலை நரைத்தவர். கடல் வந்ததில் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். மகள் வீட்டிலேயே தங்கிவிட்ட தொம்மை ஞாயிறு நீங்கலாகத் தினமும் விடியும் முன்னே போய் வெயில் தாழக் கரைக்கு வருவார், வரும்போதெல்லாம் கருத்தப்பாண்டி மடையடியில் நின்று வாயருகே கை குவித்து, “அண்ணாச்சீ, பாடு எப்பிடி?” என்று கேட்பார். கரிசலில் பாடு என்றால் ஒரு மனுஷன் படுகிற பாடு. சௌக்கியமா, பிழைப்பு ஓடுகிறதா என்று அர்த்தம். கடற்கரையில் பாடு என்றால் அன்றைக்குப் பட்ட மீன். தொம்மை வள்ளத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “சாளை கொஞ்சம், காரல் கொஞ்சம்” என்பார். தன் நலத்தை ஏன் இந்த மனுஷன் மீன் பெயராகச் சொல்கிறார் என்று கருத்தப்பாண்டிக்கு நெடுநாள் குழப்பம். பிறகு பழகிவிட்டது. சீலா மீன் என்றால் இன்றைக்கு மனசு நன்றாயிருக்கிறது போல என்று அவராகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்.

அமலிக்கு வேலை விட்டு வரும்போது வீட்டில் விளக்கு எரிவது அதுதான் முதல்தடவை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யாரோ இருமுவதும், அடுப்பில் குழம்பு கொதிப்பதும், இவ்வளவு நேரமா என்று அதட்டுவதும் அவளுக்கு வேண்டியிருந்தது. வேண்டியிருந்தது என்பதே அது கிடைத்த பிறகுதான் தெரிந்தது. கடல் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டாள். அவர் முள்ளை எடுத்து ஒதுக்கி மீனை அவள் தட்டில் வைத்துவிட்டு, கடல் போனால் நானும் அது பின்னால் போவேன், அழக்கூடாது என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இப்போதுள்ள சர்வர் பழைய பதிப்பு, அதில் ஓட்டை இருக்கிறது, ஓட்டை வழியாகத் திருடன் நுழைவான், மாதம் முடிவதற்குள் புதிய பதிப்புக்கு அப்கிரேடு செய்யாத சர்வர்கள் மேலிருந்தே நிறுத்தப்படும். பக்கத்து ஊர் நகராட்சியில் அவசரமாக மாற்றியதில் அவர்கள் தங்களுக்கென்று செய்து வைத்திருந்த அமைப்பெல்லாம் அழிந்து, எல்லாத் தெருவுக்கும் கம்பெனி வைத்த ஒரே பெயர் வந்து, தபால்காரர் இன்னமும் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று பேச்சு.

ஆணையர் பத்மாவதி நல்ல மனுஷி. அவரும் கடலோரம் நடைப்பயிற்சி போகிறவர்தான். ஆனாலும் தினமும் போனில் வசவு வாங்குகிறவர் அவர். சர்வர் நின்றால் ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க முடியாது, மாற்றித்தான் ஆகவேண்டும், போர்ட் வரியோடு கடலும் போகும்தான், அதைப் பற்றி மன்றத்தில் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

“மாத்திருவோம் மேடம்,” என்றாள் அமலி. “சர்வரையும் மாத்துவேன், கடலையும் விடமாட்டேன்.”

சொன்னது வாய்ச்சவடால் இல்லை. அன்றைக்கே கம்பெனிக்கு எழுதி, பழைய பதிப்பு பெட்டியிலிருந்து பிரித்தபோது எப்படி இருந்ததோ அந்தப் பச்சைப் பிள்ளைக் கோப்பை வரவழைத்தாள். அதை ஒரு பக்கமும் தங்கள் கோப்பை மறுபக்கமும் வைத்து, அரிசியில் கல் பார்ப்பது போல வரிவரியாகப் பார்த்தாள். பழைய கோப்பை அப்படியே தூக்கிப் புதியதில் போட்டால் புதியது கக்கிவிடும், ஏனென்றால் அதன் பேச்சு மாறியிருக்கும். புதியதை அப்படியே விட்டால் நாம் செய்ததெல்லாம் போய்விடும். கம்பெனி எழுதியது எது, நாம் எழுதியது எது என்று பிரித்து, நம்முடையதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போகவேண்டும். இதுதான் அவள் போட்ட திட்டம். வித்தியாசம் என்று தெரிந்ததில் பாதி யாரோ தட்டிய வெறும் இடைவெளிகள், மீதியில் பாதி எழுத்துப்பிழைகள். கழித்துக் கழித்துப் பார்த்ததில் ஊர் தானாக எழுதிக்கொண்ட வரிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. எதற்குப் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. போர்ட் வரியை எழுதியவளே அவள்தான், அவளும் எழுதி வைக்கவில்லை.

எனவே விசாரித்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினாள். ஒரு வரி தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைத்திருக்கச் சொல்வது, அது இல்லாவிட்டால் ஊர்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதில் சந்தேகமில்லை. இன்னொரு வரி, திரையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பவர்களைச் சர்வர் சீக்கிரம் விரட்டாமல் நெடுநேரம் பொறுத்திருக்கச் சொன்னது. அது யாருக்காக என்று தேடிப்போனால் ரிட்டயரான சரஸ்வதி டீச்சர் வீட்டில் போய் முடிந்தது. டீச்சர் ஒற்றை விரலால்தான் தட்டுவார், ஒரு விண்ணப்பம் முடிய ஒரு பொழுது ஆகும், அதற்காக முன்பிருந்த கிளார்க் செய்து கொடுத்தது. மூன்றாவது வரி, ஏதாவது கோளாறு வந்தால் ஆங்கிலத்தில் பயமுறுத்தாமல் ‘கொஞ்சம் பொறுங்க, டீ குடிச்சிட்டு வாங்க’ என்று காட்டியது. அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று ஆபீஸுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பிச்சைக்கனி கைகூப்பினார்.

மிச்சம் போர்ட் வரி. அதற்கு நாள் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை தொம்மை தொழிலுக்குப் போகமாட்டார். அவர் வீட்டில் பாயில் படுத்திருக்கும்போது மாற்றிவிடலாம், நடுவில் கடல் கொஞ்சநேரம் போனாலும் ஆள் கரையில் இருப்பார். ஆணையருக்குச் சொன்னாள், கம்பெனிக்கும் சொன்னாள்.

கம்பெனி அனுப்பிய பையன் வினோபா சனிக்கிழமையே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனை வேறு ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். கெட்ட பையன் இல்லை, மேடத்துக்கு ஒரு நாள் வேலை மிச்சம் என்று நினைத்தான். ஆணையரும் மேலிடத்துப் போன் ஓயட்டும் என்று தலையாட்டிவிட்டார். அமலி அந்நேரம் சரஸ்வதி டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் பொறுத்தால் சரியாயிருக்கும் என்று டீச்சரைத் தட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தப்பாண்டியிடமிருந்து போன் வந்தது.

“தாயி,” என்றார். “கடலக் காணும்.”

“அப்பா?”

“அண்ணாச்சி காலையிலயே போயிட்டாரே.”

அமலி சாவிகூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினாள். ஸ்கூட்டிச் சாவியை டீச்சர்தான் எடுத்துக் கொடுத்தார். அழுகை வந்தது, அழுதால் ரோடு தெரியாது என்று அதை அப்படியே விழுங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். சர்வர் அறையில் வினோபா முகமெல்லாம் மலர்ச்சியாக, முடிந்துவிட்டது மேடம், அருமையாக ஓடுகிறது, உங்கள் பழைய கோப்பைக்கூடப் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன் என்றான். அவள் அவனைத் திட்டவில்லை. எழுந்திரு தம்பி என்று மட்டும் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் குரலைக் கேட்டு வாசல் வரை வந்த ஆணையர் அங்கேயே நின்றுவிட்டார்.

கண்மாயில் கருவேல மரங்கள் எங்கேயும் போகாதவை போல நின்ற இடத்திலேயே நின்றிருந்தன. தொம்மைக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்த மற்ற வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. துள்ளுகிற மீனை விட மனசில்லாமல் சட்டியும் சருவமுமாக இறங்கிய ஜனம் மடிகொண்ட மட்டும் அள்ளியது. அள்ளி நிமிர்ந்தபோதுதான் யாரோ, தொம்மையாரு வள்ளம் எங்கே என்று கேட்டார்கள். மீனைப் போட்டுவிட்டு எல்லோரும் கரைமேல் ஏறி நின்றார்கள். கிழக்கே பார்த்தால் வெடித்த கரிசலும் அதற்கப்பால் பருத்திக்காடும்தான் தெரிந்தது. அதில் எந்த இடத்தைப் பார்த்து நிற்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அமலி முதலில் பழையபடி பழைய பதிப்புக்கே திரும்பப் பார்த்தாள். மேலிடத்தில் அந்த வழியை அடைத்துவிட்டிருந்தார்கள். பதறிப்போன வினோபா, பழைய கோப்பையே முழுதாக உள்ளே போட்டுப் பார்க்கலாம் மேடம் என்றான். ஆகாது என்று தெரிந்தும் அவன் முகத்தைப் பார்த்துச் சரி என்றாள். சர்வர் நின்றது, நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது. போனை அணைக்காமல் காதோடு வைத்துக்கொண்டு கரையில் நின்றிருந்த கருத்தப்பாண்டி, உப்பு வாசனை ஒருக்கா வந்துட்டுப் போயிட்டு தாயி என்றார்.

“இனி என் வழிதான்,” என்றாள் அமலி. புதிய கோப்பை அது பிறந்த கோலத்திலேயே திறந்து, பிரித்து வைத்திருந்த தன் ஊர் வரிகளை ஒவ்வொன்றாக, புதிய பதிப்பின் பேச்சுக்கு ஏற்றபடி திருத்தி, உரிய இடம் பார்த்து வைத்தாள். ஒன்றை வைப்பாள், சர்வரை எழுப்புவாள், அது ஒழுங்காக எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் அடுத்தது. தமிழ் எழுத்து வரியை வைத்ததும் திரையில் கேள்விக்குறிகளாகக் கிடந்த ஊர்ப் பெயர்கள் கண் விழித்தன. டீச்சருக்கான வரியை வைத்தாள், டீக்கான வரியை வைத்தாள். அவசரப்படவே இல்லை. அவசரப்பட்டால் எது கெட்டது என்று தெரியாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியும். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, தொம்மை ஒரு நாளைக்கான தண்ணீர்தான் குடத்தில் கொண்டு போயிருப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கடைசியாகப் போர்ட் வரியை வைத்தாள்.

மண்ணு ஈரமாகுது தாயி என்றார் கருத்தப்பாண்டி. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

வினோபா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான். பழைய பதிப்பு கதவைத் திறந்தால் யாருக்கும் திறந்து வைக்கும், அதுதான் அந்த ஓட்டை. புதியது அப்படித் திறக்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ரகசிய வார்த்தையை வைத்திருந்தால்தான் திறக்கும். தப்பான வார்த்தையை மூன்று தடவை சொன்னால் கதவு தானே பூட்டிக்கொள்ளும், பிறகு மேலிடம்தான் திறக்கவேண்டும், திங்கட்கிழமை ஆகிவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அந்தப் பக்கம் யாரு மேடம்?” என்று கேட்டான்.

“எங்கப்பா.”

அவன் தலையாட்டினான். அவரிடம் என்ன வார்த்தை இருக்கும் என்று கேட்டான். கம்பெனியில் இப்படி எத்தனையோ கேள்வி கேட்டுப் பழகியவன் அவன்.

அமலி முதலில் வள்ளத்தின் பெயரைக் கொடுத்தாள். வள்ளத்துக்கு அம்மாவின் பெயரைத்தான் வைத்திருந்தார் தொம்மை. ஈரம் அப்படியே நின்றது. அடுத்ததாகத் தன் பெயரைக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, அதுவும் பொய்த்தது. மண்ணு காயுது தாயி என்றது போன். இனி ஒரே ஒரு தடவைதான். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா தன்னைக் கூப்பிட்ட செல்லப் பெயர்களை எல்லாம் நினைத்தாள், அவர் சொல்கிற ஜெபங்களை நினைத்தாள், காற்றுகளின் பெயர்களை நினைத்தாள். எதை எடுத்தாலும் அது அவர் ஒருத்தரிடம் இருக்கிற வார்த்தையாகத்தான் இருந்தது. ரெண்டு பக்கத்திலும் இருக்கிற வார்த்தையாக ஒன்றும் அகப்படவில்லை.

கரையில் கருத்தப்பாண்டிக்கு இதொன்றும் தெரியாது. வெயில் மடையடிக்கு இறங்குகிற நேரம் வந்துவிட்டது, அது தொம்மை வருகிற நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, பழக்கம் விடுமா. போன் பிடித்த கையும் சும்மாயிருந்த கையுமாக வாயருகே குவித்து, வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துத் தினமும் கேட்கிறபடியே கேட்டார்.

“அண்ணாச்சீ, பாடு எப்பிடி?”

சர்வர் அறையில் அது போனுக்குள்ளிருந்து கேட்டது. அமலி நிமிர்ந்தாள். சின்ன வயதில் அப்பாவோடு வள்ளத்தில் போயிருக்கிறாள். நடுக்கடலில் எதிர்ப்படுகிற வள்ளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முகம்கூடத் தெரியாது, அந்த ஒரு வார்த்தையைத்தான் காற்றில் வீசிக்கொள்வார்கள். கரிசலிலும் ஆளைப் பார்த்ததும் கேட்கிற வார்த்தை அதுதான். அவள் தட்ட ஆரம்பித்தாள்.

“தமிழ்லயா மேடம்?” வினோபா பதறினான். “கேள்விக்குறியாப் போயிரும். இது கடைசி சான்ஸ்.”

“போகாது. அதுக்கான வரிய முதல்லயே வச்சாச்சு,” என்று சொல்லிக்கொண்டே ‘பாடு’ என்று தட்டிச் சேமித்து, சர்வரை எழுப்பினாள்.

போனில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆடுகள் கத்தின, பிறகு யாரோ பிள்ளையைத் தூக்கு என்றார்கள், பிறகு அலைச் சத்தம் கேட்டது. கடல் தான் போன வழியிலேயே, ஒரு அவசரமும் இல்லாமல், கருவேல மரங்களின் தூரை நனைத்து, இடுப்பை நனைத்து, உச்சிக் கிளையையும் மூழ்கடித்து, சாய்ந்து கிடந்த வள்ளங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு, ஜனம் கீழே போட்ட மீன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மடையின் பழைய கோடு வரை ஏறி வந்து நின்றது.

அமலி வந்து சேர்ந்தபோது தொம்மையின் வள்ளம் மடையடிக்கு வந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தின் முன்பக்க அணியத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் அழுதாள், சத்தமாகவே அழுதாள். கரையில் இத்தனை கூட்டம் எதற்கு என்று தொம்மைக்கு விளங்கவில்லை.

“வாய் அடைஞ்சிருந்துச்சு பிள்ள,” என்றார். “பாத்தா வெறும் மணலு. என்ன செய்ய, நங்கூரத்தப் போட்டு உக்காந்தேன். உள்ள இருந்து ஏதேதோ பேரு கேட்டுச்சு. உங்கம்ம பேரக் கேட்டுச்சு, உம் பேரக் கேட்டுச்சு. நம்ம ஆளுகளத்தான் யாரோ கூப்பிடுதான்னு இருந்துட்டேன். பொறவு பாடு எப்பிடின்னு கேட்டுச்சு. அது என்னைய கேக்குறதுல்லா, பதில் சொல்லணும்லா. சொன்னேன், திறந்துட்டு.”

கருத்தப்பாண்டிக்குத் தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது, என்ன காரியம் என்று புரியவில்லை. அதனால் தெரிந்ததையே திரும்பக் கேட்டார். பாடு எப்பிடி அண்ணாச்சி என்றார்.

தொம்மை வழக்கம்போல வள்ளத்துக்குள் குனிந்து பார்த்தார். வலை காய்ந்து கிடந்தது, ஒரு நெத்திலிகூட இல்லை. நிமிர்ந்து, முழங்காலளவு தண்ணீரில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார்.

“நல்ல பாடு,” என்றார்.

அன்று இருட்டுவதற்கு முன்னால் அமலி ஈரச் சேலையோடு மறுபடி ஆபீஸுக்கு வந்தாள். வினோபா சர்வருக்குக் காவல் போல அங்கேயே உட்கார்ந்திருந்தான். பிச்சைக்கனி கடை டீ அவன் பக்கத்தில் ஆறிக்கிடந்தது. எல்லாம் சரியாக ஓடுகிறதே, இன்னும் என்ன மேடம் என்று கேட்டான். அவள் கான்ஃபிக் கோப்பைத் திறந்தாள். அதில் சர்வர் படிக்காத வரிகளும் எழுதலாம், பின்னால் வந்து கை வைக்கப்போகிற மனிதர்களுக்காக எழுதுவது. டீச்சரின் வரிக்குமேல் டீச்சருக்கு ஒற்றை விரல் என்று எழுதினாள். டீ வரிக்குமேல் பிச்சைக்கனியின் பெயரை எழுதினாள். பிறகு போர்ட் வரிக்கு மேலே ஓரிடத்தைத் திறந்து எழுதினாள்:

‘இதை எடுக்க வேண்டாம். அப்பா தொழிலுக்குப் போயிருக்கிறார், இந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவார்.’